கல்லாற்றுத் தம்பிக்கு: பொரிப்பகத்தை விடுங்கள், முதலில் கரையைக் காவல் பாருங்கள்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்ற ஆட்களும் வாசிப்பார்கள்தானே. மட்டக்களப்புப் பக்கம் பெரியகல்லாற்றுக் கரையில் போன கிழமை ஒரு ஆமைக் கூட்டை நாய்கள் கிண்டிவிட்டன, பாதி முட்டை இன்னும் குழிக்குள் கிடக்கிறது. இன்னொரு கூட்டை யாரோ இரவோடு இரவாக எடுத்துவிட்டார்கள். உங்கள் விளையாட்டுக் கழகத்துப் பொடியன்கள் பத்துப்பேர் சேர்ந்து வேலி அடைத்து, முட்டைகளைக் கொண்டுவந்து புதைத்துப் பொரிக்க வைக்கிற ஒரு பொரிப்பகம் தொடங்க நினைக்கிறீர்கள். குஞ்சுகளைத் தொட்டியில் கொஞ்ச நாள் வளர்த்துக் கடலில் விட்டால் நல்லதா, வெளிநாட்டு ஆட்களுக்குக் காட்டிச் செலவுக்குக் காசு எடுக்கலாமா, ஆமை மாட்டி வலை கிழியுது என்று கரைவலைக்காரர் கோபப்படுகிறார்களே அதற்கு என்ன வழி. இவ்வளவும் கேட்டிருக்கிறீர்கள்.

அவசரமானதை முதலில் சொல்கிறேன். பாதி கிண்டிய கூட்டில் கிடக்கும் முட்டையை எடுக்காதீர்கள், திருப்பாதீர்கள், எண்ணக்கூட வேண்டாம். உடைந்த முட்டையும் கோதும் மேலே இருந்தால் அதை மட்டும் பொறுக்கித் தூரக் கொண்டுபோய்ப் புதையுங்கள், அந்த மணத்துக்குத்தான் எறும்பும் நாயும் திரும்ப வரும். நல்ல முட்டைகளின் மேல் அதே குழியின் ஈரமணலைப் போட்டுக் கையால் மெல்ல அமுக்கி மூடிவிடுங்கள். அதற்கு மேல் ஒரு சாண் உயரத்துக்கு மணல் வந்ததும் மூங்கில் சிலாகையால் பின்னிய தட்டி ஒன்றை வைத்து அதையும் மணலால் மூடுங்கள். தட்டியின் கண் மூன்று விரல் அகலமாவது இருக்கட்டும், குஞ்சு ஏறி வர வேண்டுமே. நாய் கிண்டினால் தட்டியில் நகம் மாட்டும், இரண்டு மூன்று தரம் பார்த்துவிட்டுப் போய்விடும்.

சரி, இனிப் பொரிப்பகம். என் பதில் வேண்டாம் என்பதுதான், ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும்.

நான் அம்பாறை மாவட்டத் திருக்கோவில் ஆள். தம்பிலுவில் கரையிலிருந்து விநாயகபுரம் வரைக்கும் பல வருடமாக இரவில் நடக்கிறேன், இப்போது என்னோடு ஏழு பேர் வருகிறார்கள். தொடக்கத்தில் நாங்களும் உங்களைப் போலத்தான் நினைத்தோம், முட்டையை எடுத்து நம்முடைய காவலுக்குள் வைத்துவிட்டால் பிறகு பயமில்லை என்று. ஒருநாள் விடிய ஏழு மணிக்கு ஒரு கூட்டைக் கண்டோம். அலை வந்து தொடுகிற இடம், அன்றைக்குக் கடலும் கொந்தளிப்பு. உரபேக் ஒன்றில் மணலைப் போட்டு முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தோம், நூற்றியேழு. மோட்டார் சைக்கிளில் மடியில் வைத்துக்கொண்டு வந்து மீன் வாடிக்குப் பக்கத்தில் கிடுகு கட்டிய வேலிக்குள் அழகாகக் குழி தோண்டிப் புதைத்தோம். அம்பது நாள் போனது, அறுபது நாள் போனது, எழுபதாவது நாள் நான்தான் தோண்டினேன். ஒன்றும் பொரிக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு முட்டையைக் கிழித்துப் பார்த்தோம். மஞ்சள் கருவின் மேல் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெள்ளையாக ஒரு முளைக்கரு, அதில் இரண்டு கறுப்புப் புள்ளியாகக் கண். எல்லாம் அந்த அளவிலேயே நின்றுபோயிருந்தன. அந்தக் கண்களை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

நாங்கள் செய்த பிழை என்ன என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டோம். கோழி முட்டை மாதிரி ஆமை முட்டையைப் புரட்ட முடியாது. கோழி முட்டைக்குள் மஞ்சள் கருவை நடுவில் பிடித்து வைக்கிற கயிறு மாதிரி ஒன்று இருக்கும், ஆமை முட்டையில் அது இல்லை. ஆமை முட்டை போட்டுச் சில மணித்தியாலத்துக்குள் கரு மேலே வந்து ஓட்டின் உள்தோலில் ஒட்டிக்கொள்ளும், அதற்குப் பிறகு புரட்டினாலும் குலுக்கினாலும் அது பிய்ந்து செத்துவிடும். இரவு பத்து மணிக்கு இட்ட முட்டையை விடிய ஏழு மணிக்கு எடுத்து மோட்டார் சைக்கிளில் குலுக்கிக் கொண்டுபோனால் வேறென்ன நடக்கும்? அலை அடிக்கிற இடத்தில் இட்டுவிட்டது, எடுக்காமல் விட்டால் அழுகிவிடும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும், அதுவும் இட்டு இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள், முட்டை எந்தப் பக்கம் மேலாக இருந்ததோ அந்தப் பக்கம் மாறாமல் வாளியில் வைத்து, கையில் தூக்கி நடந்து, அதே கரையில் இன்னும் மேலே உள்ள மணலில், அதே ஆழத்தில் புதைக்கலாம். அதையும் வனஜீவராசிகள் திணைக்கள ஆட்களிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

ஏனென்றால் சட்டமும் இருக்கிறது. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் 1972இல் கடலாமைகளையும் சேர்த்தார்கள். பிடிப்பது, கொல்லுவது, முட்டை எடுப்பது, விற்பது, வைத்திருப்பது எல்லாம் குற்றம். நல்ல நோக்கத்தோடு எடுத்தாலும் அனுமதி இல்லாமல் உங்கள் வேலிக்குள் நூறு முட்டை இருந்தால் அது குற்றம்தான். பொடியன்களைப் பொலிஸ் கூட்டிக்கொண்டு போனால் பிறகு ஊரில் எவரும் இந்த வேலைக்கு வரமாட்டார்கள்.

இன்னொரு விஷயம் சூடு. முட்டைக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பம்தான் தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 29 பாகை செல்சியஸ் அளவில் இரண்டும் கலந்து வரும், அதைவிடச் சூடு கூடினால் பெண்கள் கூடும், குறைந்தால் ஆண்கள் கூடும், 33, 34 என்று நீண்ட நாள் நின்றால் கருவே செத்துவிடும். வெட்டவெளியில் வேலி அடைத்து எல்லாக் கூட்டையும் பக்கத்துப் பக்கத்தில் புதைக்கிற பொரிப்பகத்தில் என்ன நடக்கும்? நாலைந்து வருடம் விடுகிற குஞ்செல்லாம் பெண்ணாகவே போகும், விடுகிறவருக்குத் தெரியவும் வராது. தாய் ஆமைகள் தாங்களே இடம் தேடும்போது ஒன்று அடம்பன் கொடிக்குப் பக்கத்தில் இடும், ஒன்று வெறும் மணலில் இடும், ஒன்று தாழை நிழலில் இடும். அந்தக் கலப்பை நாம் செய்து காட்ட முடியாது.

பொரிப்பகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சென்னையில் மாணவர்கள் 1988இலிருந்து இரவிரவாகக் கரை நடந்து முட்டையைப் பொரிப்பகத்துக்கு மாற்றுகிறார்கள், அங்கே கரை முழுக்க வெளிச்சமும் சனமும், விட்டால் பிழைக்காது, அதனால் அவர்களுக்கு வேறு வழி இல்லை. நமக்கு அந்த நிலைமை வரவில்லை தம்பி. கோமாரி, பொத்துவில், பாணமை, உகந்தை என்று தெற்கே போகப் போக இன்னும் இருட்டான கரை கிடக்கிறது. உங்கள் பக்கமும் களுவாஞ்சிக்குடியிலிருந்து மருதமுனை வரைக்கும் வீடு நெருக்கம்தான், ஆனால் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் மணல் இருக்கிறதே, அது போதும்.

உங்களுக்கு நான் காட்டக்கூடிய நல்ல உதாரணம் ரெக்காவ. அம்பாந்தோட்டை மாவட்டத்தில், தங்காலைக்குப் பக்கம். அங்கே கடலாமைப் பாதுகாப்புத் திட்டம் என்ற அமைப்பு 1993இல் வேலை தொடங்கி, 1996இலிருந்து முட்டையை இட்ட இடத்திலேயே விட்டுக் காவல் பார்த்தது. காவலுக்கு யாரைப் பிடித்தார்கள் தெரியுமா? அதுவரைக்கும் முட்டை எடுத்து விற்று வாழ்ந்தவர்களைத்தான். கூலியும் கொடுத்தார்கள். 2006இல் அந்தக் கரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதை வாசித்தபோது எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை, கள்ளனிடம் சாவியைக் கொடுக்கிற மாதிரி இருந்தது. பிறகு யோசித்தால், கரையை அவர்களை விட யார் அறிவார்?

எங்கள் கரையிலும் அப்படி ஒரு அண்ணன் இருக்கிறார். இருபது வருடம் முட்டை எடுத்தவர். நாங்கள் நடக்கிற நேரத்தில் அவரும் நடப்பார், எங்களைக் கண்டால் சவுக்குக்குள் மறைவார். ஒருநாள் அவருடைய வாடிக்குப் போய் இருந்து கதைத்தேன். சட்டம் கிட்டம் ஒன்றும் சொல்லவில்லை, "அண்ணே, உங்களுக்குத் தெரிஞ்சதில கால்வாசிகூட எங்களுக்குத் தெரியாது, எங்கட பொடியனுகளுக்குக் கொஞ்சம் காட்டித் தாங்க" என்றேன். உண்மையும் அதுதான். ஒரு கிழமை கழித்து அவராகவே வந்தார். அன்றைக்குப் படித்த பாடத்தை எந்தக் கொப்பியிலும் படிக்க முடியாது. வந்த சுவடு, போன சுவடு இரண்டையும் பார்த்து, போன சுவட்டின் மணல் வந்த சுவட்டின் மேல் ஏறியிருந்தால் எது பிந்தியது என்று சொல்வார். சும்மா ஏறி இடாமல் திரும்பின ஆமை எது, இட்டுவிட்டுப் போனது எது என்று தூர நின்றே சொல்வார். தாய் ஆமை இட்டு முடிந்ததும் முன் துடுப்பால் மணலை வாரி எறிந்து பத்தடி அகலத்துக்கு இடத்தைக் குழப்பிவிடும். முட்டை அந்தக் குழப்பத்தின் நடுவில் இருக்காது, ஒரு ஓரமாகத்தான் இருக்கும். முன்பு அவர் இரும்புக் கம்பியால் குத்திப் பார்ப்பார், கம்பி நுனியில் ஈரம் ஒட்டினால் கூடு. அதில் இரண்டு மூன்று முட்டை உடைந்து மற்ற முட்டைகளும் கெட்டுப்போகும் என்பதை அவரே சொன்னார், சொல்லும்போது குரல் தணிந்துவிட்டது. இன்றைக்கு எங்கள் காவலில் மூத்தவர் அவர்தான். மாதம் ஒரு தொகையை நாங்கள் எல்லோரும் பங்கு போட்டுக் கொடுக்கிறோம், அது தானம் இல்லை, வேலைக்குக் கூலி. உங்கள் ஊரில் அந்தக் கூட்டை எடுத்தது யார் என்று உங்களுக்கும் ஓரளவு தெரிந்திருக்கும். முறைப்பாடு கொடுக்கும் முன்னால் ஒருமுறை போய்க் கதைத்துப் பாருங்கள்.

இப்போது இரவில் என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். வாடைக்காற்று ஓய்ந்து கடல் அமைதியானதும் தொடங்குங்கள், தை மாதம் கழிந்தால் நடக்கத் தொடங்கிவிடலாம். இரண்டு இரண்டு பேராக, கடல் விளிம்பில், ஈரமணலில் நடங்கள். டோச் அடிக்காதீர்கள், பத்து நிமிசம் இருட்டில் நின்றால் கண் பழகிவிடும். கட்டாயம் வேண்டுமென்றால் சிவப்புக் கண்ணாடித் தாள் சுற்றிய சின்ன டோச். ஈரமணலில் டிராக்டர் ரயர் போன மாதிரி ஒரு கோடு கடலிலிருந்து மேலே ஏறினால் நில்லுங்கள். இரண்டு பக்கத் துடுப்பும் ஒன்றுக்கு நேர் ஒன்று பதிந்து, ஒரு மீற்றர் அகலத்தில் இருந்தால் பேராமை, நம்மவர்கள் பாலாமை என்றும் சொல்வார்கள். துடுப்புகள் மாறி மாறிப் பதிந்து, அதைவிட ஒடுக்கமாக இருந்தால் பங்குனி ஆமையாக இருக்கலாம். அலுங்காமையும் பெருந்தலை ஆமையும் அப்படித்தான் மாறி மாறி நடக்கும், அதனால் சுவட்டை மட்டும் பார்த்து முடிவு சொல்லாதீர்கள். இரண்டு மீற்றர் அகலத்தில் உழுத மாதிரி இருந்தால் ஏழுவரி ஆமை, அதைத் தோணியாமை என்பார்கள். என் வாழ்நாளில் அதை ஒரே ஒரு தரம்தான் கண்டேன். உலகத்தில் இருக்கிற ஏழு கடலாமை இனத்தில் இந்த ஐந்தும் இலங்கைக் கரையில் முட்டையிடுகின்றன, இது சின்ன விஷயம் இல்லை.

ஆமை மேலே ஏறுகிற நேரமும் குழி தோண்டுகிற நேரமும்தான் அது மிகவும் பயப்படும். ஒரு ஆள் எழும்பி நடந்தாலே போதும், திரும்பிக் கடலுக்குப் போய்விடும். அப்படியே மணலில் படுத்துவிடுங்கள். ஒருமுறை நாங்கள் அப்படிப் படுத்திருக்கும்போது புதிதாக வந்த ஒரு பொடியன் போனை எடுத்தான், எங்கள் மூத்தவர் மெல்லக் கையைப் பிடித்து, "வேணாங்கா, அது வந்த வேலைய முடிக்கட்டும்" என்றார். முடித்தது. பின் துடுப்பு இரண்டும் கை மாதிரி வேலை செய்யும், ஒன்று குழிக்குள் போய்ச் சுருண்டு ஒரு சிரட்டை மணலை அள்ளி வந்து வெளியே வைக்கும், உடனே மற்றது உள்ளே போகும், ஒரு பொட்டு மணல்கூடத் திரும்பக் குழிக்குள் விழாது. அது அந்தக் குழியைத் தன் கண்ணால் பார்ப்பதே இல்லை. பங்குனி ஆமை ஒரு முழம் ஆழம் தோண்டும், பேராமை ஒன்றரை முழத்துக்கு மேல். பிறகு இரண்டு மூன்றாக வெள்ளை முட்டை விழும், பிங்பொங் பந்தளவு, வழுவழுப்பான நீரோடு. ஓடு கோழி முட்டை மாதிரி உடையாது, தோல் மாதிரி அமுங்கும். கண்ணிலிருந்து நீர் வடியும். அழுகிறது என்று நம் ஆச்சிமார் சொல்வார்கள், உண்மையில் உடம்பில் சேர்ந்த உப்பை வெளியே விடுகிறது. அதை அறிந்த பிறகும் பக்கத்தில் இருந்து பார்த்தால் மனம் ஒருமாதிரித்தான் இருக்கும்.

போன பிறகு நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை சுவட்டை அழிப்பது. ஒரு பனை மட்டையோ சவுக்குக் கிளையோ எடுத்துக் கடல் வரைக்கும் கூட்டிவிடுங்கள். கம்பு நாட்டாதீர்கள், கொடி கட்டாதீர்கள். பாதுகாக்கிறோம் என்று பலகை நட்டுவைத்த கூட்டைத்தான் எங்கள் பக்கம் முதலில் திருடினார்கள். அருகிலுள்ள இரண்டு மரத்திலிருந்து எத்தனை அடி என்று அளந்து ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதுங்கள், போனில் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். திகதி, நேரம், எந்த ஆமை, அலைக்கோட்டிலிருந்து எத்தனை அடி, நிலவா இருட்டா. குஞ்சு வெளியேறிய பிறகு மூன்று நாள் விட்டுக் கூட்டைத் தோண்டி வெறும் கோது எத்தனை, பொரிக்காதது எத்தனை என்று எண்ணி அதையும் எழுதுங்கள். இதை ஒழுங்காகச் செய்தால், நாளைக்குப் பிரதேச செயலகத்திலோ திணைக்களத்திலோ போய் இந்தக் கரைக்கு ஆமை வருகிறது என்று சொல்லும்போது உங்களிடம் கொப்பி இருக்கும். கரையோரத்தில் ஒரு ஹோட்டலுக்கோ கல் அணைக்கோ திட்டம் வரும்போது கொப்பி இல்லாத ஊரின் பேச்சு எடுபடாது. ஒலுவில் துறைமுகம் கட்டியபின் ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கரையைக் கடல் எடுத்தது உங்களுக்கும் தெரியும், தென்னையெல்லாம் விழுந்தது. அதைத் தடுக்கக் கல் போட்ட இடத்தில் ஆமை எப்படி ஏறும்? அங்கே முன்பு எத்தனை ஆமை வந்தது என்று யாரும் எழுதி வைத்திருந்தால் இன்றைக்கு எவ்வளவு பெறுமதியாக இருந்திருக்கும்.

தொட்டியில் வளர்க்கிற விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். செய்யாதீர்கள். குஞ்சு மணலைப் பிளந்து வெளியே வரும்போது அதன் வயிற்றில் மஞ்சள் கருவின் மிச்சம் இருக்கும். சாப்பாடு இல்லாமல் ஒரு பகல் ஒரு இரவு ஓயாமல் நீந்தி, மீன் நிறைந்த கரைக்கடலைத் தாண்டுவதற்கு இயற்கை கட்டிக்கொடுத்த சோற்றுப்பொதி அது. மூன்று நாள் தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி நீந்தினால் அந்தப் பொதி அங்கேயே முடிந்துவிடும், பிறகு விட்டால் கரைக்குப் பக்கத்திலேயே மிதந்து மீன் வாய்க்குள் போகும். தொட்டிக்குள் ஒன்றையொன்று கடித்துப் புண்ணாகி நோயும் வரும். பெரிசாக்கி விட்டால் பிழைக்கும் என்பது கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் தன் இரையைத் தானே தேடப் பழகாத குஞ்சு அது. அதே மாதிரித்தான் பகலில், பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் அதிகாரிகளையும் கூப்பிட்டு, பிளாஸ்டிக் பேசினிலிருந்து குஞ்சு விட்டுப் படம் எடுப்பது. காகமும் பருந்தும் மேலே நிற்கும், மணல் கொதிக்கும். பிள்ளைகளுக்குக் காட்ட ஆசை என்றால் குஞ்சு தானாக வெளியேறுகிற இரவில், பெற்றோரோடு, பத்துப் பேருக்கு மேல் இல்லாமல் கூட்டிவந்து இருட்டில் உட்கார வையுங்கள். பிள்ளைகள் அதை மறக்கவே மாட்டார்கள்.

ஆயிரம் குஞ்சில் ஒன்று பெரிசாகும் என்பது பொதுவாகச் சொல்கிற கணக்கு. அந்த ஒன்றும் முட்டையிட வருவதற்கு இருபது முப்பது வருடம் போகும். 2004 மார்கழியில் சுனாமி வந்தபோது பொரித்து வெளியேறிய ஒரு பேராமைக் குஞ்சு எங்கேயாவது உயிரோடு இருந்தால், இப்போதுதான் தாயாகிற வயசுக்கு வந்துகொண்டிருக்கும். அது தான் பிறந்த கரைப் பக்கத்துக்கே திரும்பி வரும். வரும்போது அந்தக் கரை எப்படி இருக்கும் என்பதை நினைத்துத்தான் நான் லைட் பற்றி இவ்வளவு கதைக்கிறேன்.

லைட்தான் நம் பக்கத்தில் நாயை விடப் பெரிய எதிரி. குஞ்சு இருட்டில் வெளியே வந்ததும் எந்தப் பக்கம் அடிவானம் வெளிச்சமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் ஓடும். லட்சக்கணக்கான வருடமாக அந்தப் பக்கம் கடல்தான், இந்தப் பக்கம் மரமும் மேடும் கறுப்பாக நிற்கும். இப்போது இந்தப் பக்கம் வீதி விளக்கு. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலையில் கடற்கரை வீதியில் ஒரு விளக்குக் கம்பத்தின் கீழே முப்பத்தெட்டுக் குஞ்சு பொறுக்கினேன். தார் வீதியில் சக்கரம் ஏறினது கொஞ்சம், காய்ந்து எறும்பு மொய்த்தது கொஞ்சம், ஆறுதான் உயிரோடு இருந்தன. அன்றைக்கே பிரதேச சபைக்கு எழுதினோம், இரண்டாவது மாதமும் எழுதினோம். மறுகா கம்பத்துக்குப் பக்கத்து வீட்டு ஐயாவே ஒரு தகரத் துண்டை வளைத்துத் தந்தார், மின்சார ஆட்களைக் கேட்டு விளக்கின் கடல் பக்கத்தை அதனால் மறைத்தோம். வீதிக்கு வெளிச்சம் குறையவில்லை, கரைக்கு இருட்டு வந்தது. அந்த வருடத்தில் அந்த இடத்தில் ஒரு குஞ்சும் வீதிக்கு ஏறவில்லை. வீடுகளில் கடல் பக்க விளக்கைப் பத்து மணிக்குப் பிறகு அணைக்கக் கேளுங்கள். அணைக்க முடியாத இடத்தில் வெள்ளை பல்புக்குப் பதிலாகச் செம்மஞ்சள் நிறத்தில் போடச் சொல்லுங்கள், வெள்ளையும் நீலமும்தான் ஆமையை அதிகம் இழுக்கும். கிடுகு ஒரு வரிசை கட்டினாலும் போதும்.

கோயிலையும் பள்ளிவாசலையும் மறக்காதீர்கள். எங்கள் சித்திரவேலாயுத சுவாமி கோயிலில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குக் கரை முழுக்கச் சனம், கடை, ஜெனரேட்டர் லைட். அந்த நாளை மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம், ஆயிரம் பேர் தங்கள் தகப்பனை நினைத்துத் தீர்த்தமாட வருகிறார்கள். ஆனால் கடைகளை வீதிப் பக்கம் தள்ளிப் போடலாம், முடிந்த அன்றிரவே பொலித்தீனைப் பொறுக்கலாம். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிற அடியார்கள் திருக்கோவில், பொத்துவில், பாணமை, உகந்தை என்று இந்தக் கரையோரமாகத்தான் போகிறார்கள், அவர்களிடமும் சொல்லலாம், சொன்னால் கேட்பார்கள். உங்கள் ஊர்க் கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் ஒருதரம் ஒலிபெருக்கியில் சொன்னால் நாங்கள் நூறு துண்டுப்பிரசுரம் கொடுத்த மாதிரி. ஆமை இறைச்சி பற்றியும் அங்கேயே சொல்லச் சொல்லுங்கள். சில நேரம் கடலாமை இறைச்சியில் நஞ்சு இருக்கும், எவ்வளவு சமைத்தாலும் அது போகாது. தின்ற தாயிடம் பால் குடித்த பிள்ளைகளும் செத்திருக்கிறார்கள். சட்டத்துக்குப் பயப்படாதவரும் இதற்குப் பயப்படுவார், பயப்படவும் வேண்டும்.

வெளிநாட்டு ஆட்களைக் கூட்டிவந்து காசு எடுப்பது பற்றி: இரண்டு வருடம் பொறுங்கள். முதலில் உங்கள் ஆட்கள் இருட்டில் ஒழுங்காக நடக்கப் பழகட்டும். ரெக்காவயில் பார்வையாளர் காசுதான் காவலுக்கு உதவியது, உண்மை. ஆனால் அங்கே முதலில் வந்தது காவல். காசு முதலில் வந்தால் ஆமை வராத இரவிலும் எதையாவது காட்ட வேண்டி வரும், அப்போதுதான் தொட்டியும் பேசினும் வரும்.

காயம்பட்ட ஆமை, செத்த ஆமை, முட்டைத் திருட்டு எது கண்டாலும் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற அவசர இலக்கத்துக்கு எடுங்கள், கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லி வையுங்கள். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கிய பிறகு பல கரைகளில் செத்த ஆமைகள் ஒதுங்கின, அப்படியான நேரத்தில் ஊர் ஆட்கள் எடுக்கிற படமும் திகதியும் கணக்குக்கு உதவும். செத்த ஆமையைச் சும்மா புதைத்துவிடாதீர்கள்.

கடைசியாகக் கரைவலைக்காரர். அவர்களோடு சண்டை வேண்டாம், நியாயம் அவர்கள் பக்கமும் இருக்கிறது. ஒரு பேராமை வலைக்குள் புகுந்து அடித்தால் பத்துப் பதினைந்து முழம் போய்விடும், அன்றைய பாடும் போகும். அதற்கு நீங்கள் சட்டம் சொன்னால் அவர் உங்களைத் திரும்பியும் பார்க்கமாட்டார். நாங்கள் செய்தது இதுதான்: ஆமையை உயிரோடு விட்ட வலையை எங்கள் ஆட்களே வந்து பொத்திக் கொடுப்பது, நூலும் எங்கள் செலவு. வருடத்துக்கு நாலைந்து தரம்தான் வரும், பெரிய செலவில்லை.

அதை விட முக்கியமாக அவர்களுக்குச் சொல்ல வேண்டியது, வலையில் மூச்சடைத்து அசையாமல் கிடக்கிற ஆமை எல்லாம் செத்தது இல்லை. அதை அப்படியே கடலில் எறிந்தால்தான் உண்மையில் தாண்டு சாகும். போன பங்குனியில் ஒரு சம்மாட்டியாரின், அதாவது வலைச் சொந்தக்காரரின், வலையில் ஒரு பங்குனி ஆமை வந்தது, கண் பாதி மூடி, தொட்டாலும் அசைவில்லை. "செத்திட்டு தம்பி" என்றார். மல்லாக்கப் போடாமல் வயிறு நிலத்தில் படும்படி, பின்பக்கத்துக்குக் கீழே ஒரு சாண் உயரத்துக்குக் கயிற்றுச் சுருளை வைத்து, தலை பதிந்திருக்கிற மாதிரி நிழலில் வைத்தோம், நுரையீரலில் போன தண்ணீர் அப்படித்தான் வழியும். முதுகில் நனைந்த சாக்கு, மூக்கை மூடாமல். விடிய ஆறு மணிக்கு வைத்தது. எட்டு மணிக்கு வாயிலிருந்து கொஞ்சம் தண்ணீர். பத்து மணிக்கும் அசைவில்லை, இரண்டு பேர் எழும்பிப் போய்விட்டார்கள். பதினொன்று கழிந்து சாக்கை நனைக்கக் குனிந்தேன், தலையைத் தூக்கி ஒரு பெரிய மூச்சு விட்டது, கிழவர் ஒருவர் பெருமூச்சு விட்ட மாதிரிச் சத்தம், வாடிக்குள் இருந்தவர்களுக்கும் கேட்டது. பிறகு கண் திறந்தது, துடுப்பு அடித்தது. உடனே விடவில்லை, நன்றாக எழும்பி நகரத் தொடங்கும் வரைக்கும் பகல் இரண்டு மணி வரை வைத்திருந்து, கரைக்குக் கொண்டுபோய் நாலு பேராக இறக்கினோம். அலை இரண்டு தரம் தள்ளியது, மூன்றாவதில் போய்விட்டது. சம்மாட்டியார் வாடி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு கிழிந்த வலையைத் தூக்கிக் காட்டி, "சரி, நாளைக்கு இதப் பொத்த எத்தின பேர் வாறீங்க?" என்று கேட்டார்.